பட்டத்து வீட்டு நெய்

ஐப்பசி ஏழாம் தேதி காலையில் வெள்ளிமங்கலம் மூலநாதர் கோயிலின் வடபுறத்தில் நின்றவர்கள் ஆறு பேர். பட்டத்து வீட்டுச் சுருளியாண்டி, வயது எழுபத்தொன்று. அவருடைய அக்காள் மகன் கர்ணன், சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். திருப்பணியில் கல்வேலை பார்க்க வந்திருந்த ஸ்தபதி வேலுச்சாமி. மண் அள்ள வந்த ஜக்கம்மா. கோயில் குருக்கள். கல்வெட்டைப் படிக்கப் போடியிலிருந்து வந்த பள்ளிக்கூட ஆசிரியை ஜெபஷீலா. வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்கிறவர்கள் மறுநாள் கேள்விப்பட்டவர்கள்.

கோயில் பாண்டியர் காலத்தது. முல்லையாற்றங்கரை மேட்டில் கிழக்கே பார்த்து நிற்கிறது. கருவறை, அர்த்தமண்டபம், அதற்கு முன்னால் பிற்காலத்தில் யாரோ சேர்த்த தூண் மண்டபம். கூரை வரை கருங்கல். மேலே விமானம் மட்டும் செங்கல்லும் சுதையும். பெரிய கோயில் என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பத்திலிருந்து தேனிக்குப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தாலே, தென்னைகளுக்கு நடுவே அதன் சுவர் நேராக நிற்பது தெரியும்.

அந்த நேரான சுவரின் கால் மண்ணுக்குள் இருந்தது. ஆற்று வண்டல், இடிந்த மதிலின் மண், ரோடு போடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டுப் போன மண், எல்லாம் சேர்ந்து நாலடி ஏறிவிட்டது. அபிஷேகத் தண்ணீர் விழுகிற கோமுகம் ஓர் ஆள் இடுப்புயரத்தில் இருக்க வேண்டியது, தரையில் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் வடபுறம் எப்போதும் சேறு.

மண்ணை எடுத்துத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆறு வருடமாக மனுக் கொடுத்து நடையாய் நடந்தவர் சுருளியாண்டி. தண்ணீருக்காக என்று மனுவில் எழுதினார். உண்மைக் காரணம் வேறு. மண்ணுக்கு மேலே ஒரே ஒரு வரி எழுத்து தெரியும். அதில் "சுருளன் ஆண்டான்" என்று இருக்கும். அப்புறம் ஒரு முழ நீளம், அவருடைய தாத்தா காலத்தில் பூசிய சிமெண்டுப் பூச்சு. பூச்சு முடிகிற இடத்தில் "பட்ட" என்று மூன்று எழுத்து. பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. மூன்றும் மூன்று கொட்டைப்பாக்குப் போலத் தனித்தனியாக இருக்கும். அதற்கு அடுத்து, கோமுகத்துக்குப் போகக் கட்டிய சிமெண்டுப் படி வந்து மிச்சத்தை மறைத்துவிட்டது.

சுருளியாண்டியின் தாத்தா அதைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: சுருளன் ஆண்டான் நம் முப்பாட்டன், அவனுக்குப் பாண்டியன் பட்டம் கொடுத்ததைத்தான் இங்கே வெட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அவர்கள் வீடு பட்டத்து வீடு. கல்யாணப் பத்திரிகையில், கடிதத் தலைப்பில், களத்து மேட்டு மோட்டார் ரூம் சுவரில், எல்லாவற்றிலும் பட்டத்து வீடு. கோயிலில் அணையாமல் எரிகிற விளக்குக்கு நெய் ஊற்றுவது அந்த வீடு. திருவிழாவில் முதல் பரிவட்டம் தலையில் கட்டுவது அந்த வீட்டு மூத்தவருக்கு. தையில் குடமுழுக்கு. அதற்குள் கல் முழுவதும் வெளியே தெரிய வேண்டும், வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது சுருளியாண்டியின் எண்ணம்.

"பாத்தீகளா ஐயா," என்றார் வேலுச்சாமி, பள்ளத்துக்குள் நின்றபடி. "அடியில உபானம். அதுக்கு மேல செங்குத்தா ஜகதி. இந்தா மூணு பட்டையாச் செதுக்கியிருக்குல்ல, இது குமுதம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல காரை கிடையாது. ஒரு தாள் உள்ள நுழையாது."

"தாளு நுழையலன்னா போகுது. எனக்கு மண்வெட்டி வீச எடம் விட்டு நில்லுங்க," என்றாள் ஜக்கம்மா.

"ஏத்தா, எழுநூறு வருசத்துக் கல்லு."

"எனக்கும் இந்த இடுப்பு அம்புட்டு வருசமாத்தான் வலிக்குது."

படியைப் பெயர்த்த பிறகு, சிமெண்டுப் பூச்சை வேலுச்சாமி தானே சிற்றுளியால் தட்டி எடுத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஒரு பொருக்கு விழுந்தால் கையால் தடவி, கல் காயப்படவில்லை என்று பார்த்துக்கொண்டு அடுத்ததைத் தட்டுவார். மூலையில் ஒரு கல் மட்டும் செதுக்காமல் மொட்டையாக இருந்தது. அதைக் காட்டி, "இந்தக் கல்லைப் பொளிய வந்தவன் பாதியில சோத்துக்குப் போனவன்தான், இன்னும் திரும்பல," என்றார். குருக்கள்கூடச் சிரித்தார். சுருளியாண்டி சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லையே பார்த்தபடி நின்றார்.

ஜெபஷீலா தேங்காய் நார் பிரஷ்ஷால் கல்லைக் கழுவினாள். ஈரத் தாளை ஒட்டி, அடித்துப் பதியவைத்து, அதன் மேல் மையை ஒற்றினாள். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக எழுத்து வந்தது. முதல் தாளை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள்ளேயே படித்தாள். இரண்டாவது தாளையும் படித்தாள். கீழ் வரிகளுக்கு மூன்று தாள் ஆயிற்று. ராஜா பெயர் இருக்க வேண்டிய முதல் கல்லைக் காணவில்லை. எந்தக் காலத்துத் திருப்பணியிலோ பிடுங்கி மடைப்பள்ளிச் சுவரில் தலைகீழாகச் சொருகியிருக்கும் என்றார் வேலுச்சாமி.

"ராஜா கெடக்கட்டும். டீச்சர், பட்டம் இருக்குல்ல?" என்றார் சுருளியாண்டி.

"பட்ட இருக்குங்கய்யா."

"அப்புறம் என்ன, சத்தமா வாசிங்க."

ஜெபஷீலா தாள்களைச் சுருட்டினாள். "மத்தியானம் உங்க வீட்டுக்கு வாரேன். உக்காந்து வாசிக்கிறேன்."

வீட்டில் மொச்சைக் குழம்பும் பீர்க்கங்காய் வெஞ்சனமும். சுருளியாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி இலையைப் போட்டுவிட்டு, "டீச்சர் வேதக்காரவுக, நம்ம வீட்டுல சாப்புடுவீகளா?" என்று கேட்டாள்.

"உங்க கோயில் கல்லையே காலையில இருந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னுருக்கேன். உங்க சோத்த வேணாம்பேனா?"

சாப்பிட்டுக் கை கழுவியதும் தாளைத் தரையில் விரித்தாள். கர்ணன் நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார். ஜெபஷீலா விரலை ஓட்டிக்கொண்டே நிதானமாக வாசித்தாள்.

"யாண்டு இருபத்தொன்றாவது. இவ்வூர் சுருளன் ஆண்டான் பன்றியென்று எய்த அம்பு தப்பி மாயன் கூத்தன் பட்டமையில், ஊரார் கூடியிருந்து, அறியாமல் செய்தமையால் இவனைக் கொல்ல வேண்டா என்றும், பட்ட கூத்தனைச் சாத்தி மூலநாதர்க்கு ஒரு திருநந்தா விளக்கு இவன் எரிப்பதென்றும், ஆண்டுதோறும் கார்த்திகை நாள் இவ்விளக்கின் நெய் உழக்கு, இவன் வழியில் மூத்தான் தானே கொண்டு நடந்து கூத்தன் வாசலில் வைப்பதென்றும் சொன்னோம் ஊரோம். இதனை முட்டுவித்தான் கங்கைக்கரையில் குராற்பசுவைக் கொன்றான் பாவத்திலே போவான்."

"பட்டமைன்னா?" என்றார் கர்ணன்.

"பட்டான்னா செத்தான். போர்ல பட்டான்னு சொல்லுறோம்ல. அந்தப் பட்டது. கூத்தன்னு ஒருத்தர் செத்ததுனால இந்த விளக்குன்னு எழுதியிருக்கு. பட்டம் இல்லீங்க."

பாண்டீஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப நாம இம்புட்டு நாளாப் பத்திரிகையில போட்டது சாவு வீடுன்னா?"

"பாண்டீஸ்வரி."

"நான் ஒண்ணும் சொல்லல. உங்க தாத்தா அந்தச் சிமெண்டைப் படிக்காமப் பூசுனாகளா, படிச்சுட்டுப் பூசுனாகளான்னுதான் நினைக்கேன்."

சுருளியாண்டி அவளைப் பார்த்தார். அவள் எழுந்து இலைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"முட்டுவித்தான்னா?" என்று அவர் கேட்டார்.

"நடக்க விடாமத் தடுத்தவன். நிறுத்துனவன்."

"பசுவக் கொன்ன பாவம்."

"எல்லாக் கல்வெட்டுலயும் கடைசியில அப்படி எழுதுறதுதான் ஐயா. நம்ம பத்திரத்துல இன்னார் இன்னாருக்குன்னு எழுதுற மாதிரி."

ஆனால் அந்தக் கடைசி வரியில்தான் சுருளியாண்டி நின்றுவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. கார்த்திகை தீபத்தன்று விளக்கு நெய்யில் ஓர் உழக்கு எடுத்துக்கொண்டு, பட்டத்து வீட்டு மூத்தவர் செருப்பில்லாமல் நடந்து கீழத்தெருவுக்குப் போவார். அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்று, "கூத்தன் இருக்கானா?" என்று கேட்பார். பதில் வராது. நெஞ்சுக்குள் நூறு எண்ணும் நேரம் கழித்து மறுபடி கேட்பார். மூன்றாவது தடவைதான் கதவு திறக்கும். "இல்ல. வச்சிட்டுப் போங்க" என்பார்கள். நெய்யை வைத்துவிட்டு வந்துவிடுவார். ஊரில் அதற்கு நெய்ப்படி என்று பெயர். அந்த வீட்டுக்குக் கூத்தாடி வீடு என்று பெயர். அந்த வீட்டில் எவரும் எந்தக் காலத்திலும் ஆடியதில்லை. தீவட்டி பிடித்த குடும்பத்துக்குப் பட்டத்து வீடு கொடுக்கிற படி என்று சுருளியாண்டி வீட்டில் பேசிக்கொள்வார்கள். கூத்தன் யார் என்று யாரும் கேட்டதில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் கார்த்திகைக்கு, அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்த பெரியகுளத்துச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். பட்டத்து வீட்டுப் பெருமையைக் காட்ட அவர்களையும் கூட்டிக்கொண்டு நெய்யோடு போனார். முதல் குரல். இரண்டாவது குரல். சம்பந்தி, "படி வாங்குறவுகளுக்கே இம்புட்டுப் பவுசா?" என்று கேட்டுச் சிரித்தார். மூன்றாவது குரல் கொடுக்காமல், உழக்கைத் தெருவில் கவிழ்த்துவிட்டு வந்தார் சுருளியாண்டி. அதற்குப் பிறகு போகவில்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பவள் மாயக்காள்.

"டீச்சர், இத யார்கிட்டயும் சொல்லணுமா?" என்றார் கர்ணன்.

"எங்க வரலாற்றுக் குழுவுக்கு நான் எழுதித்தான் ஆகணும். கல்லுல உள்ளத உள்ளபடி எழுதுவேன். கல்லைத் தொறந்து வக்கிறதும் மூடுறதும் உங்க கோயில் விவகாரம்." அவள் தாளைச் சுருட்டினாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன் ஐயா. நான் இந்தப் பள்ளத்தாக்குல எத்தனையோ கல்லு பாத்துருக்கேன். பாதி விளக்கு எந்தக் காலத்துலயோ அணைஞ்சுபோச்சு. யாரு எரிச்சா, யாரு விட்டான்னே தெரியாது. இது எரியுது."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த கர்ணன் உட்காரக்கூட இல்லை. "மாமா, நேராச் சொல்லிருதேன். அவுக குழு புஸ்தகத்த நம்ம ஊர்ல ஒருத்தனும் படிக்கப்போறதில்ல. கல்லு வெளியில இருந்தாத்தான் வம்பு. வேலுச்சாமிகிட்டப் பேசிட்டேன். மழ தண்ணி பள்ளத்துல தேங்குது, அஸ்திவாரத்துக்கு ஆகாதுன்னு சொல்லி, பழையபடி கிராவலத் தள்ளி மூடி மேல தளக்கல்லு போட்டுரலாம்."

"வேலுச்சாமி என்ன சொன்னான்?"

"தண்ணி தேங்குறது நிசந்தான், ஆனா வாய்க்கா வெட்டி விட்டா ஓடிரும்னாரு. மூடுறதுன்னாலும் மூடலாம், ஐயா சொல்லட்டும்னாரு."

"ஆறு வருசம் நான்தானடா தோண்டணும்னேன்."

"அதத்தான் மாமா சொல்லுறேன். நீங்க தோண்டச் சொன்னீக, நீங்களே மூடச் சொன்னா யாரு கேக்கப்போறா? தையில ஊரே கூடும். மந்திரி வாராரு, கலெக்டர் வாராருங்கிறாக. முதல் பரிவட்டம் உங்க தலையில கட்டுறப்ப, பின்னால நிக்கிறவன் 'கொலகாரன் வகையறா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, அத எங்க கொண்டுபோய் வைக்கிறது? நாளைக்கு எம் பிள்ளைகளுக்குப் பொண்ணு பாக்கணும்ல."

சுருளியாண்டி பதில் சொல்லவில்லை. கர்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் அவர் முதலில் திராட்சைத் தோட்டத்துக்குத்தான் போனார். பன்னீர்க் கொத்துகள் பந்தலில் பழுத்துத் தொங்கின. இந்த நேரத்து மழைக்குப் பழம் வெடிக்கும். கொத்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, வெடித்ததைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தார்.

நடக்க நடக்க ஒன்று அவருக்குத் தெளிந்தது. அம்பு விட்டவன் பன்றி என்று நினைத்து விட்டான். ஊரே கூடி அறியாமல் செய்தது என்று சொல்லிவிட்டது, கல்லிலும் வெட்டிவிட்டது. அதில் அவமானம் இல்லை. அவனுக்குப் பின்னால் வந்தவர்கள், பஞ்சமோ படையெடுப்போ, வருடம் தவறாமல் நெய்யைக் கொண்டுபோய் அந்த வாசலில் நின்றிருக்கிறார்கள். எதற்கு என்பது மறந்துபோன பிறகும் நின்றிருக்கிறார்கள். அதை நிறுத்தியது ஒரே ஆள். அவன் பன்றி என்று நினைத்து நிறுத்தவில்லை. கண் திறந்து, சம்பந்தி சிரித்தார் என்பதற்காகக் கவிழ்த்தான்.

கோயிலுக்குப் போனபோது பள்ளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. எழுத்துகளில் கீழ் இரண்டு வரி தண்ணீருக்குள் இருந்தது. ஜக்கம்மா பக்கெட்டால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் கிராவல் ஏற்றிய டிராக்டர் நின்றது. கர்ணன் டிரைவருக்குக் கையைக் காட்டிப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏலே, நிறுத்து," என்றார் சுருளியாண்டி.

"மாமா, லோடு வந்துருச்சு."

"வந்த லோட உன் மண்டிக்கு முன்னாடி கொட்டிக்க. அங்கனயும் சேறாத்தான கெடக்கு." அவர் வேலுச்சாமியிடம் திரும்பினார். "வாய்க்கா எந்தப் பக்கம் வெட்டணும்?"

"வடக்க, ஆத்துப் பக்கமா. பழைய வாய்க்கா ஒண்ணு இருந்த தடம் தெரியுது. கோமுகம் கட்டுனவன் தண்ணிக்கு வழி வைக்காமக் கட்டியிருக்க மாட்டான்."

"வெட்டு. மேல தளக்கல்லு வேணாம். சுத்தி ஒரு கம்பி அளி போடு. வாரவுக குனிஞ்சு படிக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்லுறீகளா?" என்றார் கர்ணன். முகம் சுண்டிப்போயிருந்தது.

"இல்ல. நேத்து வரைக்கும்தான் யோசிக்காம இருந்தேன்."

அங்கிருந்து நேராகக் கீழத்தெருவுக்குப் போனார். மாயக்காளுக்கு அறுபது வயதிருக்கும். திராட்சைப் பெட்டி அடுக்குகிற கூலிக்கு விடியுமுன்னே போகிறவள். மழையால் அன்று வேலை இல்லை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் வருவதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்ன, கார்த்திகை வர இன்னும் நாளு கெடக்கே," என்றாள். "இல்ல, தெருவுல கொட்டுன நெய்ய வழிச்சு எடுத்துட்டுப் போக வந்தீகளா?"

அவர் அதை வாங்கிக்கொண்டார். "கோயில் கல்லப் படிச்சாச்சு. நீ கேக்கணும்."

"என்னன்னு எழுதியிருக்கு?"

நின்றபடியே வரிசை மாறாமல் சொன்னார். அவர் மூச்சு விடக்கூட இடையில் நிறுத்தவில்லை. மாயக்காள் கீரை உருவுவதை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும், "இதுக்காடா கல்லத் தோண்டுன?" என்றாள். ஒருமையில் வந்துவிட்டதை உணர்ந்து, "தோண்டினீக," என்று திருத்திக்கொண்டாள். "எங்க மாமியாகிட்டக் கேட்டுருந்தா ஓசியிலயே சொல்லியிருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பேரு தெரியாது, அம்பு தெரியாது. உங்க வீட்டு ஆளால எங்க வீட்டு ஆளு போயிட்டாருன்னு தெரியும். அந்த நெய்ய நாங்க நாக்குல வச்சதில்ல."

"அப்ப என்ன செய்வீக?"

"கார்த்திகைக்கு முத விளக்கு அதுலதான் ஏத்துவோம். நீங்க என்னமோ நாங்க தோசைக்கு ஊத்தித் திங்கிறதா நினைச்சீகளாக்கும்." அவள் காம்புகளை முறத்தில் தட்டினாள். "ஒரு தடவ கூப்பிட்டதும் எந்திரிச்சு ஓடியாந்தா, போன உசுரு அம்புட்டு லேசாப் போச்சான்னு மாமியா கேக்கும். அதான் மூணு. உங்கள அசிங்கப்படுத்த இல்ல."

"ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீக?"

ஆட்டுக்குட்டி ஒன்று கீரையை எட்டிப் பிடித்தது. அவள் அதன் மூக்கில் தட்டித் தள்ளினாள்.

"ஏழு கார்த்திகையும் நாங்க கதவச் சாத்திக்கிட்டு உள்ளதான் உக்காந்துருந்தோம்," என்றாள். "மகன் திருப்பூர்ல இருந்து வந்து உக்காருவான். யாராவது கூப்பிடுவீகன்னு. மத்த வீட்டுல எல்லாம் விளக்கு எரியும். எங்க வீட்டுல ஏத்தல. கடையில நெய் வாங்கி ஏத்தும்மான்னு மருமக சொன்னா. நான் ஒத்துக்கல."

சுருளியாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இந்த வருசம் கொண்டாரேன்."

"வாங்கன்னும் சொல்லமாட்டேன். வராதீகன்னும் சொல்லமாட்டேன்."

"தையில பரிவட்டம் எனக்குத்தான் கட்டுவாக. உனக்கு அதுல ஏதும் சொல்ல இருந்தா இப்பவே சொல்லு. ஊர்க்கூட்டத்துல வச்சுப் பேசிரலாம்."

"அந்தத் துணிய வச்சு நான் என்ன செய்ய? நீங்களே கட்டிக்கங்க. எங்களக் கூத்தாடி வீடுங்கிறாகள்ல, அத மட்டும் மாத்திச் சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஆடத் தெரியாது."

அன்று மத்தியானமே சின்னமனூர் பிரஸ்ஸுக்குக் கர்ணனைப் போன் போடச் சொன்னார். குடமுழுக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்திருந்தது. தன் பெயருக்கு முன்னால் பட்டத்து வீடு என்பதை எடுத்துவிட வேண்டும்.

"எடுத்துட்டு அங்கன என்னன்னு போட?" என்றார் கர்ணன்.

"ஒண்ணும் போடாத. சுருளியாண்டின்னு போடு. பேரு இருக்குல்ல. அதுக்குக் கீழ கூத்தன் வீடு மாயக்காள்ன்னு ஒரு வரி சேரு."

"கூத்தாடி வீடுன்னாத்தான மாமா ஊருக்குத் தெரியும்."

"கல்லுல கூத்தன்னு இருக்கு. நீ கல்லுல இருக்கிறபடி போடு."

வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வடிந்தது. கோமுகத்திலிருந்து விழும் தண்ணீர் கல்தொட்டியில் விழுந்து ஆற்றுப் பக்கம் ஓடத் தொடங்கியது. வேலுச்சாமி அளி போட்டு முடித்த அன்றே ஊர்க்காரர்கள் வந்து குனிந்து படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஜக்கம்மா கதை சொன்னாள். அவளுடைய கதையில் பன்றி மட்டும் நாளுக்கு நாள் பெரிதானது. பாண்டீஸ்வரி ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் தூறல். சுருளியாண்டி விளக்கிலிருந்து உழக்கு நெய் எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தார். கர்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். வரமாட்டேன் என்று காலையில் சொல்லியிருந்தார்.

"தலைக்குப் பிடிக்காதடா. நெய்க்குப் பிடி."

கீழத்தெருவில் எல்லா வாசலிலும் அகல் எரிந்தது. மாயக்காள் வீட்டில் மட்டும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"கூத்தன் இருக்கானா?"

நூறு எண்ணும் நேரம். இரண்டாவது தடவை. நூறு எண்ணும் நேரம். மூன்றாவது தடவை. கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது, யாரோ இருமினார்கள். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"மூணு ஆச்சு மாமா," என்றார் கர்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு. "வேணும்னே செய்யுது. வாங்க, போவோம்."

சுருளியாண்டி கதவைப் பார்த்தபடியே சொன்னார். "ஏழு வருசம் விட்டுப்போயிருக்குல்ல."

"அதுக்கு?"

"வருசத்துக்கு மூணு. இந்த வருசத்தோட எட்டு."

கர்ணன் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தார். பிறகு குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

நாலாவது தடவை கூப்பிட்டார். ஐந்தாவது, ஆறாவது. பத்துக்கு மேல் போனபோது தெருப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து எண்ணினார்கள். யாரோ அதட்டி நிறுத்தினார்கள். தூறல் வலுத்து, மறுபடி குறைந்தது. எதிர்வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். சுருளியாண்டி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். உழக்கைப் பிடித்திருந்த கை மரத்துப்போனதும் மற்றக் கையைக் கீழே கொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் நூறு எண்ணுவதை அவர் ஒரு தடவையும் சுருக்கவில்லை.

"கூத்தன் இருக்கானா?"

அது இருபத்துநாலு. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மாயக்காள் கதவைத் திறந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மகனும் மருமகளும்.

"இல்ல," என்றாள். "வச்சிட்டுப் போங்க."

அவர் குனிந்து நெய்யை நிலைப்படியில் வைத்தார். மாயக்காள் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசலிலும் விளக்கு எரிந்தது. அவரும் கர்ணனும் அதைப் பார்த்த பிறகுதான் திரும்பினார்கள்.

இதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பதினெட்டாவது தடவை கூப்பிடும்போது சுருளியாண்டிக்குக் குரல் உடைந்துவிட்டது, அழுதுகொண்டே போய் மாயக்காள் காலில் விழுந்தார், அதற்கப்புறம்தான் அவள் மனமிரங்கினாள் என்று. சின்னமனூர் டீக்கடை வரைக்கும் இது போயிருக்கிறது. அவர் அழவில்லை. விழவும் இல்லை. இருபத்துநாலு தடவையும் ஒரே குரலில்தான் கூப்பிட்டார். கதவு திறந்தபோது நின்றுகொண்டிருந்தார்.